பதினொரு கையொப்பங்கள்

ரோய் எட், தாய்லாந்து
12 நவம்பர் 2006

அன்புள்ள எலிசியோ,

நலம். உன் நலத்தைத் தாளில் எழுது. தொலைபேசியில் நீ "ம்", "சரி" என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் தருவதில்லை, நானும் தருவதில்லை. கல்லூரியில் ஒரே வகுப்பில் அமர்ந்து ஓயாமல் வழக்காடிய இருவர் இன்று இரண்டு சொற்களோடு நின்றுவிட்டோம். ஆகவே தாள் வாங்கினேன். அடுக்களைக் கூரை ஒழுக்கை அடைத்தாயா? கருவாட்டையும் சோற்றையும் மட்டுமே உண்டு காலம் கழிக்கிறாய் என்று உன் தங்கை எழுதியிருந்தாள். கீரை நம் வேலியிலேயே படர்கிறது. பறிக்கக் கை போதும்.

சென்ற வாரம் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வீட்டு உரிமையாளர் புன்ருவாம் அக்காவின் மகள் பிம்முக்குக் காய்ச்சல். ஏழு வயது. மூன்றாம் நாள் அவள் கையில் செம்புள்ளிகளைக் கண்டேன். டெங்கு என்று எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. "இப்பவே கிளம்புங்க அக்கா" என்றேன். அக்காவின் இருசக்கர வண்டியில் மூவரும் வட்டார மருத்துவமனைக்குப் போனோம்.

பதிவு மேசையில் இருந்தவள் இளம்பெண். அக்கா பிம்மின் மருத்துவ அட்டையை நீட்டினாள். பழக்கம் என்பது எலும்பில் ஊறுவது, எலிசியோ. நான் முந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தாய்லாந்து மொழியில், "யாரோட லெட்டர் வேணும்?" என்று கேட்டேன்.

"லெட்டரா? என்ன லெட்டர்?"

"பிள்ளையச் சேர்க்கத்தான். பெரிய மனுசங்க யாராவது எழுதிக் குடுக்கணும்ல?"

அவள் அக்காவைப் பார்த்தாள். "இந்தம்மா என்ன கேக்கறாங்க? காய்ச்சல்காரப் பிள்ளையே நேர்ல வந்து நிக்குது. இதுக்கு மேல லெட்டர் எதுக்கு?"

அவ்வளவுதான். முன்பு முப்பது பாட் கட்டணம் கேட்பார்களாம். இந்த மாதத்திலிருந்து அதுவும் இல்லை. கால் மணி நேரத்தில் பிம்மின் கையில் ஊசி ஏறியது, உப்புநீர் இறங்கியது. நான்காம் நாள் வீடு திரும்பி, வந்ததும் வராததுமாகப் பூனையைத் தேடினாள்.

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவளைப்போல் அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன்.

நம் ரொமெல் இருந்தால் இந்த மாதம் எட்டு வயது நிறைந்திருக்கும். நீயும் எண்ணியிருப்பாய்.

மொழிப் பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தைப் பிப்ரவரி இறுதிக்குள் எழுதித் தர வேண்டும். ஒன்று நான் அங்குத் திரும்ப வேண்டும். அல்லது நீ இங்கு வர வேண்டும். இப்படிக் கடலின் இரு கரையிலும் ஆளுக்கொரு விளக்கை எரித்துக்கொண்டிருப்பது இல்லறம் ஆகாது. ஒப்பந்தத் தாளின் கடைசி வரியில், "நோயுற்றால் அறிவிக்கப்பட வேண்டியவர்" என்று ஓர் இடம் உண்டு. சென்ற ஆண்டு உன் பெயரை எழுதினேன். அலுவலகப் பெண் சிரித்தாள். "பிலிப்பீன்ஸ்லயா? அவரு வந்து சேர்றதுக்குள்ள நீங்க எழுந்து பாடமே நடத்திடுவீங்க டீச்சர்!" நானும் சிரித்து வைத்தேன்.

முடிவை எழுது.

உன்,
ரோசெந்தா


சான் தெல்மோ, பனாய்த் தீவு
3 டிசம்பர் 2006

என் அன்பு இண்டாய் ரோசெந்தா,

கூரையை அடைத்துவிட்டேன். ஒழுக்கு இப்போது வேறிடத்தில். கீரை பறிக்கிறேன், பறித்ததைச் சமைக்க மறந்துவிடுகிறேன்.

அலுவலகத்தில் கூட்டம் பெருகிவிட்டது. மே மாதத்தில் தேர்தல். "வெறுங்கையோடு எவரும் படியிறங்கக் கூடாது" என்பது எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் கட்டளை. திங்கள் காலை வாயிலைத் திறக்கும்போதே வரிசை சாலைவரை நிற்கிறது. எல்லாருடைய கையிலும் மருத்துவமனைத் தாள். எல்லாருக்கும் தேவை உறுதிக் கடிதம். "இதைக் கொண்டுவருபவரின் மருத்துவச் செலவில் இவ்வளவுக்கு இவ்வலுவலகம் பொறுப்பேற்கிறது" என்று நாள் முழுதும் எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் உறுப்பினரின் படம். அவர் சிரிக்கிறார்.

பசிங் மாமாவை நினைவிருக்கிறதா? தென்னையிலிருந்து விழுந்து இரு கால்களும் முறிந்துவிட்டன. மருமகன் முதுகில் ஏறி வந்தார். ஆளுநர் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிய பிறகு எம்மிடம் வந்திருந்தார். "தம்பி எலிசியோ, வலது காலுக்கு ஆளுநர் குடுத்துட்டாரு. இடது காலுக்கு உங்கய்யா குடுக்கட்டும். இடுப்புக்கு மேல சாமி பாத்துக்கும்" என்றார். பின்னால் நின்ற மீன்காரம்மா விடவில்லை. "அப்ப தலைக்கு யாருய்யா பொறுப்பு? அதுக்குச் செலவே இல்ல, உள்ள ஒண்ணும் கிடையாது!" வரிசையே சிரித்தது. நோயைச் சுமந்து நிற்பவர்கள் எப்படித்தான் சிரிக்கிறார்களோ! நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். எண்ணிப் பார்த்தால் இரு நாட்டிலும் பணம் ஒரே ஊற்றிலிருந்துதான் பிறக்கிறது. உப்பு வாங்குகிறவனும் வரி கட்டுகிறான். படகு ஓட்டுகிறவனும் வரி கட்டுகிறான். அங்கே அந்த வரி, ஊரில் எத்தனை தலைகள் என்று எண்ணி, எவரும் நோயுறும் முன்பே மருத்துவமனைக்குப் போய்க் காத்திருக்கிறது. இங்கே அது ஒரு மனிதரின் பெயரில் போய் அமர்ந்திருக்கிறது. நோயாளி அதைத் தேடி நடக்கிறான். தன் பணத்தைத் தானே இரந்து பெற்று, தந்தவர் கையை முத்தமிட்டுப் போகிறான். மாணவப் பருவத்தில் மேடையேறி இதைத்தான் முழங்கினேன். நீ முன்வரிசையில் அமர்ந்து, "சத்தம் போதும், சான்று எங்க?" என்று கேட்டாய். இப்போது சான்று என் மேசைமேல் குவிந்திருக்கிறது. முழங்கக் குரல்தான் இல்லை.

ஆயினும் நான் எழுதாவிட்டால் அந்த வரிசை எங்கே போகும்? தேர்தல் முடியட்டும். மார்ச் விடுமுறைக்கு நீ வா. வந்தால் பேசி முடிவெடுப்போம். ரொமெலின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

உன்,
எலிசியோ


ரோய் எட்
7 சனவரி 2007

அன்புள்ள எலிசியோ,

புத்தாண்டு வாழ்த்து. நீ அனுப்பிய உலர்மாம்பழம் வந்தது. பாதியைப் பிம் தின்றாள்.

இந்நாட்டைப் பொன்னுலகு என்று நான் சொல்லவில்லை. புன்ருவாம் அக்காவின் அண்ணன் தோங்தாமுக்கு இரு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. பிம்மைச் சேர்த்துக்கொண்ட அதே அட்டை, அவருடைய குருதியைத் தூய்மை செய்ய மறுக்கிறது. அந்த மருத்துவம் அட்டைக்குள் அடங்காதாம். இரண்டு வயல்களை விற்றுவிட்டார். மூன்றாவதை விற்க அவருக்கு மனமில்லை. "காய்ச்சல் வந்திருந்தா ராசா மாதிரி பாத்திருப்பாங்க. கிட்னியப் போய்த் தேர்ந்தெடுத்தேன் பாரு, எனக்குப் புத்தி கம்மி" என்று சிரிக்கிறார். எனக்கோ வேறு முறை: என் ஊதியத்தில் ஒரு பங்கு, பள்ளியில் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று மூவர் சேர்ந்து என் நோய்க்கு முன்கூட்டியே வழி செய்கிறார்கள். ஆக ஒரே தெருவில் மூன்று வகை மனிதர்கள். குறை இங்கும் உண்டு. ஆனால் குறை எதுவென்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. தோங்தாம் எவருடைய வாயிலிலும் போய் நிற்பதில்லை.

இனி எழுதப் போவதை மூன்று நாளாக எழுதாமல் வைத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்குத் தியோனேலா என்றொரு புதிய ஆசிரியை வந்திருக்கிறாள். நம் மாவட்டத்துப் பெண். அவள் தந்தைக்குப் பித்தப்பையில் கல்; மீண்டும் வலிக்கிறதாம். அவரை இங்கு அழைத்துவந்தால் என்ன செலவாகும் என்று கேட்க, பழைய மருத்துவத் தாள்களை என்முன் பரப்பினாள். அவற்றுள் உங்கள் அலுவலகத்து உறுதிக் கடிதத்தின் நகலும் இருந்தது. "இந்த லெட்டர் அன்னைக்கே கெடச்சது டீச்சர். காலைல போனாரு, மத்தியானம் கையில குடுத்துட்டாங்க. அதனாலதான் அப்பா பொழச்சாரு. அப்பா இத மாதா படத்துக்குப் பின்னாடி வச்சிருக்காரு" என்றாள்.

கடிதத்தின் நாள் 16 ஆகஸ்ட் 2005.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மாகாண மருத்துவமனையின் நடைவழியில், டெங்குவில் கிடந்த ரொமெலின் கட்டிலருகே இருந்தேன். நகரத்து மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், அங்கே முன்பணமோ உறுதிக் கடிதமோ இன்றிச் சேர்க்கமாட்டார்கள் என்று திங்களன்றே மருத்துவர் சொல்லிவிட்டார். உன்னை அனுப்பினேன். நீ செய்தி அனுப்பினாய்: "ஐயா மணிலாவில் இருக்கிறார். நாளை வருகிறார்." மாலையில் மீண்டும் அதே செய்தி. புதனன்று நண்பகலில் ரொமெல் போய்விட்டான்.

தியோனேலாவின் தாளில் உறுப்பினரின் கையொப்பம் இருந்தது. அதன் கடைசி எழுத்தின் வால் மேலே சுழன்று திரும்புகிறது. நம் திருமணப் பதிவேட்டில் உன் பெயரின் கடைசி எழுத்தும் அவ்வாறே சுழல்கிறது. இருபது ஆண்டாக நான் பார்த்துவரும் சுழி அது.

எலிசியோ, ஒரே ஒரு கேள்வி. அன்று உறுப்பினர் மணிலாவில் இருந்தார் என்றால், அந்தக் கையொப்பத்தை இட்டவர் யார்?

ரோசெந்தா


சான் தெல்மோ
28 சனவரி 2007

ரோசெந்தா,

நான்.

உறுப்பினர் மணிலாவில்தான் இருந்தார். அதில் பொய் இல்லை. ஆண்டில் பாதி நாள் அவர் மணிலாவில்தான் இருக்கிறார். அவர் பெயரை எழுத, வேலையில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில் என்னைப் பழக்கிவிட்டார்கள். மேலிடத்து வாய்மொழி, எழுத்தில் எங்கும் இல்லை. எத்தனை கடிதங்களில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் செவ்வாயன்று பதினொரு கடிதங்களில் ஒப்பமிட்டேன். தியோனேலாவின் தந்தையுடையது ஏழாவதோ எட்டாவதோ. ரொமெலின் கடிதத்தை எல்லாவற்றுக்கும் முன்பே தட்டச்சு செய்துவிட்டேன். பெயர், வயது, நோய், மருத்துவமனை, எல்லாம் சரியாக இருந்தன. ஒப்பம் இடவில்லை. அடுக்கின் அடியில் வைத்தேன்.

லூமிங் அக்கா பார்த்துவிட்டாள். எனக்கும் முன்பிருந்தே எதிர் மேசையில் இருப்பவள், உனக்குத் தெரியும். "எலிசியோ, என்னடா உக்காந்திருக்க? பிள்ளைக்குப் போட்டுட்டு ஓடு. பேனா உன் கையிலதான இருக்கு?"

"இல்லக்கா. இது ஐயா கையால வரணும்."

"ஏன்டா?"

"ஊரான் பிள்ளைக்குன்னா உதவி. என் பிள்ளைக்கு நானே போட்டா திருட்டுக்கா."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "பதினோரு பேருக்குப் போட்ட கைதானடா அது? பன்னண்டாவதுக்கு மட்டும் புதுசா வலிக்குதா?"

நான் பதினோராவது கடிதத்தை உறையில் இட்டேன். அதற்குரியவரை அழைத்தேன்.

இதை நேர்மை என்று ஓராண்டுக்கு மேலாக எனக்கு நானே சொல்லிவந்தேன். முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். அது செருக்கு. ஒன்பது ஆண்டு அந்த மனிதருக்காக உழைத்தவன் நான். ஊருக்கெல்லாம் கள்ளக் கையொப்பம் போகட்டும், என் மகனுக்கு மட்டும் அவர் தம் கையால் மெய்யாக ஒப்பமிட வேண்டும் என்று விரும்பினேன். அந்த ஒரு கடிதமாவது இரந்து பெறாததாக, ஈட்டியதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஒரு நாள்தானே என்று எண்ணினேன்.

புதன் மாலை அவர் வந்தார். எனக்குச் செய்தி வந்தாயிற்று; மருத்துவமனைக்கு ஓடி, உன்னைக் கண்டு, பிணவண்டிக்கு ஏற்பாடு செய்ய மீண்டும் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மேசையில் கிடந்த அடுக்கை எடுத்து வரிசையாக ஒப்பமிட்டார். ரொமெலின் தாள் வந்ததும் நிமிர்ந்தார். "அட, உன் பையனுக்கா? முன்னாடியே சொல்றதுக்கென்னப்பா? நீயே போட்டிருக்கலாமே!"

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. முப்பது நாள் செல்லும் என்று அடியில் அச்சிட்டிருக்கிறது.

அதன்பின் நான் எவரையும் காக்க வைத்ததில்லை. தாளைக் கண்டதும் ஒப்பமிடுகிறேன். நிதி தீர்ந்துபோன நாள்களிலும் ஒப்பமிடுகிறேன். மருத்துவமனை அவர்களைத் திருப்பி அனுப்பும் என்று தெரிந்தே ஒப்பமிடுகிறேன். கை தானாக எழுதுகிறது. எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

வா என்று எழுத எனக்கு உரிமையில்லை. ஆயினும் வா. அல்லது வரச் சொல், மறுநாளே புறப்படுகிறேன்.

எலிசியோ


ரோய் எட்
26 பிப்ரவரி 2007

அன்புள்ள எலிசியோ,

உன் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்தது. இடைவேளையில் படித்தேன். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போய் ஆங்கில இறந்தகால வினைகளை நடத்தினேன். போனான், வந்தான், இருந்தான். மாணவர்கள் சேர்ந்து சொன்னார்கள். எவரும் என் முகத்தில் ஒன்றும் காணவில்லை. காண ஒன்றும் இல்லை.

மூன்று வாரமாக உன்மீது சினம் கொள்ள முயன்றேன். முடியவில்லை. பிறகு மன்னிக்க முயன்றேன். அதுவும் முடியவில்லை. இரண்டும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன போலும். அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

நீ கொடியவன் அல்லன். அதை எழுதிவிடுகிறேன், என் கையெழுத்திலேயே உன்னிடம் இருக்கட்டும். திருடனாக இருந்திருந்தால் நம் மகன் பிழைத்திருப்பான். நீ வாழ்நாளில் ஒரே ஒரு நாள் தூயவனாக இருக்க முனைந்தாய். அந்த ஒரு நாள் அவனுக்குத் தேவைப்பட்டுவிட்டது. அதிலும் பாதி செருக்கு என்கிறாய். இருக்கலாம். எனக்கு இப்போது அவற்றைப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் இல்லை.

ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். பதிவு மேசையில் இருந்தாளே ஓர் இளம்பெண், அவள் நல்லவளா கெட்டவளா என்று எனக்குத் தெரியாது. நேர்மையானவளா, செருக்குடையவளா, அன்று வீட்டில் சண்டையிட்டு வந்தவளா, எதுவும் தெரியாது. பிம்முக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அவள் எத்தகையவளாக இருந்தாலும் பிம் உள்ளே போயிருப்பாள். ஒரு குழந்தையின் மூச்சு ஒரு மனிதனின் குணத்தில் தொங்காத நாடு, எலிசியோ. அவ்வளவுதான் வேறுபாடு. வரி, பங்கு, அட்டை என்று நாம் இருவரும் எழுதியதெல்லாம் அதற்கான வழிகள்.

இங்கு எல்லாம் அப்படியல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோங்தாம் மூன்றாம் வயலை விற்கவில்லை. சென்ற வியாழனன்று எரியூட்டினார்கள். முந்தின வாரம்கூட என்னிடம், "டீச்சர், கிட்னியையும் அட்டையில சேக்கப் போறாங்களாம், டிவில பேசிக்கிறாங்க. நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கும் உன் வரிசையில் ஓர் இடம் உண்டு.

தியோனேலாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவள் தந்தை அந்தத் தாளை மாதா படத்துக்குப் பின்னாலேயே வைத்திருக்கட்டும். பிழைத்தவர் பிழைத்தவரே. ரொமெலின் கடிதத்தை எனக்கு அனுப்பாதே. கிழிக்கவும் வேண்டாம்.

இன்று காலை ஒப்பந்தம் எழுதித் தந்துவிட்டேன். ஓராண்டுக்குக் கேட்டார்கள், மூன்றாண்டுக்கு எழுதினேன். மார்ச்சில் நான் வரவில்லை. நீயும் புறப்பட வேண்டாம். ஒப்பமிடுவதை நிறுத்து என்றும் சொல்லமாட்டேன். அந்த வரிசையில் நிற்பவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடைசி வரிக்கு வந்தபோது அலுவலகப் பெண் எட்டிப் பார்த்தாள். "நோயுற்றால் அறிவிக்கப்பட வேண்டியவர்." சிறிது நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு புன்ருவாம் அக்காவின் பெயரை எழுதினேன். என் கதவிலிருந்து அவள் கதவு நாற்பது அடி.

"இதுதான் டீச்சர் சரி" என்றாள் அந்தப் பெண். "இந்த எடத்துல சொந்தக்காரங்க யாருன்னு கேக்கல. சீக்கிரமா வர்றவங்க யாருன்னுதான் கேக்கறோம்."

கீரையைப் பறித்தால் சமைத்து உண்.

ரோசெந்தா